சிங்கத் தலைக் கரண்டிகள்

வெள்ளியைத் துலக்க விபூதியைப் போல் ஒன்றும் இல்லை, ஐயா. லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுச் சாமி விளக்குகளை நான் அப்படித்தான் துலக்குவேன். கடையில் விற்கும் பாலிஷின் மணம் எனக்குத் தலையிடி.

விம்பிள்டனில் மிஸிஸ் ஹார்ட்லியை மூன்று வருடம் பராமரித்தேன். எண்பத்தாறு வயது; கண் முக்கால்வாசி போய்விட்டது. இருநூறு வருடத்து வெள்ளிக் கரண்டிகள் இருபத்துநாலு வைத்திருந்தார். பிடி நுனியில் சிப்பி, அதன் கீழே மெல்லியதாகச் செதுக்கிய சிங்கத் தலை. அது அவர் கணவர் குடும்பத்தின் முத்திரை. துலக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பள்ளங்களில் கறுப்பு இருந்தால்தான் சிங்கம் எடுப்பாகத் தெரியுமாம். எனக்கு அது அழுக்கு. வாராவாரம் அழுத்தித் தேய்த்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

2009 ஒக்டோபரில் ஒரு காலை, தேநீர் கலக்கும்போது பெருவிரலால் பிடியைத் தடவினார். இன்னொன்றைக் கேட்டு வாங்கி அதையும் தடவினார். சிங்கம் எங்கே என்றார். இருபத்துநாலிலும் தேய்ந்துவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. என்னை வேலைக்குச் சேர்த்த பியற்றிஸ் அக்காவிடம் சொல்லி, இனி என்னை அனுப்பாமல் செய்யப் போவதாகச் சொல்லி எழும்பினார். என்மேல் அதுவரை ஒரு முறைப்பாடு இல்லை. ஜெயகௌரி என்றால் கை சுத்தம் என்று மோர்டன் முழுக்கப் பெயர். அது போவதை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் ஊன்றி நடக்கும் பொல்லைத் தேடினார். அது என் பக்கத்தில் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. விழுந்தார். மேசை விளிம்பில் தலை பட்டது. கழுத்தில் அவசர அழைப்புப் பொத்தான் தொங்கியது. இரத்தம் படும் என்று அதைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

பத்து மணிக்குப் பியற்றிஸ் அக்கா வழக்கம்போல் போன் எடுத்தார்.

"அவ எழும்பிட்டாவா?"

"இல்லை அக்கா, நல்ல நித்திரை. நான் பாக்கிறன், நீங்கள் வரத் தேவையில்லை."

மிஸிஸ் ஹார்ட்லி கண் திறந்தபடி தரையில் கிடந்தார். உதடு அசைந்தது. கரண்டிகளை நினைத்து நினைத்து வருந்துவதைவிட இது அவருக்கு நிம்மதி என்று எண்ணினேன். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது.

ஆம்புலன்சைக் கூப்பிட ஏன் மத்தியானமானது என்று கேட்டீர்கள். அன்று கரண்டி துலக்கும் நாள். இருபத்துநாலையும் முடித்துவிட்டுத்தான் போனைத் தொட்டேன். அதற்குள் அவர் மூச்சு நின்றிருந்தது. வேலையைப் பாதியில் விட்டு எழும்பும் பழக்கம் எனக்கு இல்லை.