மூன்று மாற்றங்கள் வரை

— மறுபடியும் மீன் வாலா, டாக்டரம்மா?

— சின்ன வேலைதான் தம்பி. வால் கொஞ்சம் மேல தூக்கினாப்பல இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு.

— போன வாரம் நீங்கதான் கீழ இறக்கச் சொன்னீங்க. அதுக்கு முந்தி ஆமைக்கு ஓடு பெருசுன்னீங்க. அப்புறம் திமிங்கிலம் முறைக்குதுன்னீங்க.

— முறைச்சுதே. பல் பிடுங்க வர்ற பிள்ளையை அது வேற முறைக்கணுமா?

— சரி, அது நியாயம். ஆனா ஒப்பந்தத்தைப் பாருங்க. அஞ்சாவது நிபந்தனை. சுவர்ப் படத்துல மூணு மாற்றம் வரைக்கும்தான். இது பதினொண்ணு.

— கண்ணாடி போட்டுக்கறேன், இருங்க. ‘மாற்றங்களை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.’ இது யார் எழுதினது?

— நான்தான்.

— நான் ஏதாவது எழுதிக் குடுத்தேனா?

— இல்ல. வாயாலதான் சொன்னீங்க.

— அப்ப இன்னும் ஒரு மாற்றம்கூட ஆகலையே தம்பி. மூணும் அப்படியே பாக்கி.

— நான் வெட்டின குழியில என்னையே தள்ளுறீங்களே. நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.

— பல்லும் வழக்கும் ஒண்ணுதான். வேர் வரைக்கும் போகணும்.

— விளையாட்டில்லம்மா. திங்கக்கிழமை நூலகத்துல நாப்பதடிச் சுவர் ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷமா நடையா நடந்து கிடைச்ச வேலை. அன்னைக்கு நான் நிக்கலைன்னா வேற ஆளைக் கூப்பிடுவோம்னு நேத்தே போன்ல சொல்லிட்டாங்க. எழுதிக் குடுங்கன்னு முதல் நாளே உங்ககிட்டக் கேட்டிருக்கணும். கூச்சப்பட்டுத் தலையை ஆட்டினேன். தப்பு என்னுதுதான்.

— இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?

— இப்பச் சொல்றேன். வேலை முடிஞ்சதுன்னு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க.

— குடுங்க. இந்தாங்க, போட்டாச்சு. வால் கீழயே இருந்துட்டுப் போகட்டும்.

— கோபம் இல்லையே?

— சேச்சே. நாப்பதடியை விட்டுட்டு இந்தப் பத்தடியைக் கட்டிக்கிட்டு அழவா முடியும்? நல்லபடியா செய்யுங்க.

— வெளியே ஏதோ ஒரு பிள்ளை அழுவுது. போய்ப் பாருங்கம்மா.

— என்னைப் பாத்தா ரெண்டு மடங்கு அழும். நீங்க உள்ள வந்து பத்து நிமிஷம் ஆச்சில்ல, அதான்.

— நான் உள்ள வந்ததுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

— மூணு வாரமா அந்தச் சுவர் முன்னாடி பிரஷ்ஷோட நின்னீங்களே, ஒரு நாளாவது இந்தச் சத்தம் கேட்டுச்சா? பிள்ளைங்க எல்லாம் உங்களையே வாயைப் பொளந்து பாத்துக்கிட்டிருக்கும், பொளந்த வாயோடயே என் நாற்காலிக்கு வந்துடும். வால் மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன தம்பி? மீனைப் பத்தி எனக்கென்ன தெரியும்?

— சனிக்கிழமை எனக்கு நூலகத்துல வேலை இல்லம்மா. பேனாவை எடுங்க, வாரத்துக்கு ஒரு மாற்றம்னு இந்தத் தடவை உங்க கையாலயே எழுதிக் குடுங்க.