நண்பர் ஒருவர் சொன்னார்

1991 ஜூலை 16, செவ்வாய்

முதலில் ஒரு சிறிய பிழையைத் திருத்திவிடுகிறேன். மாலை வகுப்புக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரையில், 'டெய்லி பெல்' பத்திரிகை பெரிய தாளிலிருந்து சிறிய தாளுக்கு மாறிய ஆண்டு 1970 என்று இருக்கிறது. 1971 என்பதே சரி. வகுப்பாசிரியை மிஸிஸ் பிளெட்சர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காமலே நல்ல புள்ளியும் போட்டுவிட்டார். கட்டுரை திரும்பி வந்ததிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

வழக்கமாக இந்த நாட்குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதுவேன். தினமும் கொஞ்சம் எழுதினால் மொழி பழகும் என்று மிஸிஸ் பிளெட்சர் சொல்லியிருக்கிறார். இடைக்கிடை வாங்கிப் பார்த்துச் சிவப்புப் பேனையால் திருத்தியும் தருவார். இன்றைக்கு மட்டும் தமிழில் எழுதுகிறேன். அவர் வாசிக்கத் தேவையில்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அது எட்வேட் அண்ணையைப் பற்றியது. பெரிய விஷயமா, சின்ன விஷயமா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியலாம்.

வகுப்பில் ஆளுக்கொரு பத்திரிகையின் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். நான் பெல்லை எடுத்ததற்குக் காரணம் அது கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததுதான். அப்டன் பார்க்கில் செல்வரத்தினம் அண்ணையின் பத்திரிகைக் கடையில் நான் வேலை செய்கிறேன். வாங்குகிறவர்கள் எல்லோரும் பெல்லைத் திட்டிக்கொண்டே வாங்குகிறார்கள். மாலையில் ஒரு பிரதியும் மிஞ்சுவதில்லை.

செல்வரத்தினம் அண்ணையும் அப்படித்தான். காலையில் கடை திறந்ததும் பிள்ளையார் படத்துக்குப் பூ வைப்பார். பெல்லின் மூன்றாம் பக்கத்தில் வரும் அரைநிர்வாணப் பெண் பிள்ளையாரின் கண்ணில் படாதபடி கட்டைத் திருப்பி அடுக்குவார். பிறகு ஒன்றை உருவிக்கொண்டு பின்னறைக்குப் போவார். "கிரிக்கெட் ஸ்கோர் பாத்திட்டு வாறன்" என்பார். இந்த நாட்டில் ஒருவரும் கிரிக்கெட் விளையாடாத மார்கழி மாதத்திலும் அவர் ஸ்கோர் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

பெல்லின் வரலாறு சுவையானது. தொழிற்சங்கக்காரர் சிலர் தொடங்கிய பத்திரிகை அது. நீளநீளமான கட்டுரைகளும் நல்ல நோக்கங்களும் நிறைந்திருந்ததால் ஒருவரும் வாசிக்கவில்லை. பிறகு புதிய முதலாளி ஒருவர் வாங்கினார். ரயிலில் பக்கத்து ஆளின் மூக்கில் இடிக்காமல் விரிக்கக்கூடிய அளவுக்குத் தாளைச் சுருக்கினார். எழுத்தைப் பெருப்பித்தார். விற்பனை ஏறியது. ஐந்து வருடங்களுக்கு முன், ஃபிளீட் தெருவிலிருந்து கிழக்கு லண்டன் துறைமுகப் பக்கத்துக்கு ஒரே வார இறுதியில் அச்சகத்தை மாற்றினார். கம்பியூட்டர் வந்தது, அச்சுக்கோப்பவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் மதிலுக்கு வெளியே நின்று மாதக்கணக்காகக் கத்தினார்கள். பெல் ஒருநாளும் தவறாமல் வந்தது.

இவ்வளவையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். மிஸிஸ் பிளெட்சர் முதல் பிரதியின் கீழே இப்படிக் குறித்திருந்தார்: "நல்ல ஒழுங்கு. ஆனால் செய்தி எங்கிருந்து வருகிறது? யார் கொடுக்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. பழைய பிரதிகளைப் புரட்டினேன். பெரும்பாலான செய்திகளில் 'என்றார் நண்பர் ஒருவர்' என்று ஒரு வரி இருந்தது. ஊரில் கலியாணம் குழப்புகிறவர்கள் மொட்டைக் கடிதம் எழுதுவார்கள், கையெழுத்து வைக்கமாட்டார்கள். பெல் அந்தக் கடிதத்துக்கு மரியாதையான ஒரு கையெழுத்தைக் கண்டுபிடித்திருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த நண்பரை அவர்கள் எங்கே சந்திக்கிறார்கள் என்பது விளங்கவில்லை.

இனி எட்வேட் அண்ணை. மன்னார்ப் பக்கத்து மீனவர். நாங்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் மாடி முன்னறை அவருடையது. அகதி விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடக்கிறது, வேலை செய்ய அனுமதி இல்லை, அரசாங்கம் தரும் பெனிபிட்டில் சீவிக்கிறார். நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் கதவில் தட்டி, "எடிட்டர் ஐயா, உள்ள வரலாமோ? இல்லாட்டி நாளைக்குப் பேப்பரில பாக்கட்டோ?" என்பார். எனக்குச் சமைக்கத் தெரியாது. என் பங்குக்கும் அவரே சமைப்பார்.

தன் வழக்குச் சரிவரவேண்டும் என்று அந்தோனியாருக்கு அவர் நேர்த்திக்கடன் வைத்தார். வழக்கு வென்ற பிறகுதானே நேர்த்தியைச் செய்வார்கள் என்று கேட்டேன்.

"முதலே குடுத்துப்போட வேணும், எடிட்டர். அப்பத்தான் அவருக்கு வெக்கம் வரும். கடன்பட்ட மனுசன் ஓடித் திரிஞ்சு செய்வார்."

பிச்சை எடுத்த அரிசியில் ஊருக்குச் சோறு போடுவதுதான் நேர்த்தி. தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு கிறீன் ஸ்ட்ரீட் கடைகள் முழுக்க ஏறி இறங்கினார். எங்கள் கடைக்கும் வந்தார். செல்வரத்தினம் அண்ணை ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "எட்வேட், சைவக்காரன்ர அரிசி உங்கட அந்தோனியாருக்குச் செமிக்குமோ?" என்றார்.

"அவர் ஒருநாளும் மிச்சம் வைச்சதில்லை அண்ணை. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

பாகிஸ்தான்காரரின் இறைச்சிக் கடையில் ஒரு முழு ஆடு கிடைத்தது. ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்கள் பின்வளவில் அடுப்பில் பெரிய கிடாரம் ஏறியது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள், வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். பூசைக்குப் போக யாரிடமோ இரவல் வாங்கிய கலியாணச் சூட்டோடு எட்வேட் அண்ணை கிடாரத்தின் பக்கத்தில் நின்றார். பகிடிக்கு ஒருவர் அவர் கழுத்தில் மாலையைப் போட்டார். நான் படம் எடுத்தேன். நல்ல வெளிச்சம், முகம் தெளிவாக விழுந்தது.

மறுநாள் பெல்லின் செய்தி மேசைக்குத் தொலைபேசி எடுத்தேன். இலக்கம் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. மிஸிஸ் பிளெட்சரின் கேள்வியைக் கேட்பது மட்டுமே என் நோக்கம்.

"உங்களுக்குச் செய்தி எப்படி வருகிறது என்று அறிய விரும்புகிறேன், சேர்."

"இப்படித்தான் வருகிறது. உன்னிடம் என்ன இருக்கிறது?" என்றார் மறுமுனையில் இருந்தவர்.

என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டுபோக வேண்டும். அவர் அவசரத்தில் இருந்தார். நான் சுற்றிப் பார்த்தேன். பின்வளவில் கழுவிக் கவிழ்த்த கிடாரம் தெரிந்தது. அதைக் கொடுத்தேன்.

அவர் கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னேன். அகதியா? ஆம். பெனிபிட் எடுக்கிறாரா? ஆம். முழு ஆடா? ஆம். சூட்டா? ஆம். அரிசி பிச்சை எடுத்தது என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. ஒருவர் பிச்சை எடுத்ததை ஊருக்குச் சொல்வதும் பண்பல்ல. பிறகு அவர், "நீ அவருக்கு யார்?" என்றார்.

"நண்பர்" என்றேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவ்வளவு நாளாகத் தேடிய ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்.

படத்தை அடுத்த நாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த உயர்ந்த மதிலையும் முள்ளுக்கம்பியையும் நேரில் பார்த்தால் கட்டுரைக்கு உதவும் என்று பட்டது. உதவியது.

வியாழக்கிழமை வந்தது. 'உங்கள் வரிப்பணத்தில் ஆட்டுக்கறி விருந்து' என்று தலைப்பு. கீழே மாலையும் சூட்டுமாக எட்வேட் அண்ணை. கடைசி வரி: "அவர் ஊதாரித்தனமான மனிதர். அவர் வீட்டிலிருந்து ஒருவரும் பசியோடு போவதில்லை, என்றார் நண்பர் ஒருவர்." நான் சொன்னது 'தாராளமான' என்று. ஒரு சொல்லை மாற்றிவிட்டார்கள். அன்று முழுவதும் எனக்கு மனவருத்தமாக இருந்தது.

எட்வேட் அண்ணை முதலில் சிரித்தார். "சூட்டுக்காரன் கண்டால் வாடகை கேக்கப்போறான்" என்றார். அடுத்த கிழமை முன்னறை யன்னலுக்குக் கல் வந்தது. பெனிபிட் நின்றது. பிறகு, விசாரணைக்கு வரும்படி குரோய்டனிலிருந்து அழைப்பும் வந்தது. அன்று படிக்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கேட்டார்:

"எடிட்டர், இந்த நண்பர் ஒருவர் எண்டுறது ஆர்?"

"அப்பிடி ஒரு ஆள் இல்லை அண்ணை. பேப்பர்காரர் தாங்களே எழுதிறது. வகுப்பில படிப்பிச்சவை."

"ஓமோ? அப்ப சரி. எங்கட ஆக்களில ஒருத்தனோ எண்டு நினைச்சுப் பயந்துபோனன்."

அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதனால் அதைப் பொய் என்று நான் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதவேண்டும். எட்வேட் அண்ணை ஊரில் இறந்துவிட்டவர். ஆட்கள் அவரைத் தேடி வரத் தொடங்கியபோது படகில் தப்பினார். கடல் கொண்டுபோய்விட்டது என்று வீட்டார் சொல்லி, கோயிலில் இறந்தவருக்கான பூசையும் வைத்தார்கள். அதனால்தான் தம்பி யாக்கோப்பையும் தாயையும் யாரும் தொந்தரவு செய்யவில்லை. இதை அவர் இந்த நாட்டில் என்னிடம் மட்டுமே சொல்லியிருந்தார். படத்தை உறையில் இடும்போது இது எனக்கு நினைவில் இருந்தது. லண்டன் பத்திரிகையை மன்னாரில் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அது சரியான கணிப்புத்தான். ஒருவரும் வாசித்திருக்கமாட்டார்கள்.

ஆனால் கொழும்பில் லொட்ஜ் நடத்தும் என் மாமாவுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். நான் லண்டனில் கடையில் நிற்கத்தான் லாயக்கு என்று அவர் அம்மாவிடம் சொல்லுவார். என் ஆங்கிலம் ஒரு பெரிய பத்திரிகையில் வந்ததை அவர் பார்க்கவேண்டும் என்று விரும்பினேன். கடைசி வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டு, 'இந்த நண்பர் நான்தான்' என்று எழுதினேன். மாமா பெருமைப்பட்டு அதை லொட்ஜின் முன்மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார். மன்னாரிலிருந்து வருகிறவர்கள் தங்குவது அங்கேதான்.

இன்று மத்தியானம் வீட்டுத் தொலைபேசியை நான்தான் எடுத்தேன். எட்வேட் அண்ணை அப்போது கோயிலுக்குப் போயிருந்தார். மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்த அவருடைய உறவினர் ஒருவர் பேசினார். ஒருநாள் விடியற்காலையில், முன்பு தேடிய அதே ஆட்கள் வீட்டுக்கு வந்தார்களாம். செத்தவன் லண்டனில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறானே என்று கேட்டார்களாம். யாக்கோப்பைக் கொண்டுபோய் ஒரு கிழமையாகிவிட்டது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. இருக்கிறானா என்றும் தெரியாது.

நான் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எட்வேட் அண்ணையிடம் சொல்லுவதாக உறுதி கொடுத்தேன். இன்னும் சொல்லவில்லை.

காரணம் இருக்கிறது. நாளைக்கு அவருக்குக் குரோய்டனில் விசாரணை. மொழிபெயர்ப்புக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். "உன்ர இங்கிலிசை நம்பித்தான் போறன், எடிட்டர். நீ நேர்மையான பெடியன், சொன்னதைச் சொன்னமாதிரிச் சொல்லுவாய்" என்றார். போகுமுன் அவர் மனம் குழம்பக்கூடாது. யாக்கோப்பின் செய்தி உள்ளே அவருடைய வழக்குக்குப் பலமாக இருக்கும் என்பதும் எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பெல்லின் செய்தி மேசைக்காரர் இன்று கடைக்குப் பேசினார். விருந்துக்காரரின் இரண்டாம் பகுதி அவருக்கு வேண்டுமாம். குரோய்டன் வாசலில், முகம் வாடிய படம் ஒன்று. இந்த முறை என் சொல்லை மாற்றமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். உள்ளே வைத்துச் சொல்லிவிட்டால், வெளியே வரும்போது அது எட்வேட் அண்ணைக்குப் பழைய செய்தியாகிவிடும்.

அவர் நிலைமையை லண்டன் முழுக்க அறிந்தால் அவருக்கு உதவிதானே கிடைக்கும். அரிசி பிச்சை எடுத்தது என்பதையும் இந்த முறை சேர்த்துக்கொள்ளலாம். என்னால் அவருக்குச் செய்யக்கூடியது இதுதான்.

எழுதிப் பார்த்ததில் எனக்குப் பெரிய குறையாக எதுவும் தெரியவில்லை.

நாளை: கமராவுக்கு பிலிம் வாங்குவது. எட்வேட் அண்ணையோடு குரோய்டனுக்குப் போய் மொழிபெயர்ப்பது. வெளியே வந்ததும் அவரை வாசற்படியில் வெளிச்சம் விழுகிற பக்கமாக நிறுத்தி, யாக்கோப்பின் செய்தியைச் சொல்வது.