அண்ணி படித்த முப்பத்தொரு புத்தகங்கள்

அண்ணி: முப்பத்தொண்ணு.

நாத்தனார்: இருபத்தொன்பது அண்ணி.

அண்ணி: மீதி ரெண்டும் எங்க போச்சு? கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?

நாத்தனார்: விடுங்களேன்... இருபத்தொன்பதே பெரிய விஷயம்.

அண்ணி: எப்படி விடறது? வருஷக் கடைசிக்குள்ள முப்பதைத் தாண்டினாதான் உங்க லேப் மேடம் வாசிப்புப் போட்டிப் பலகையில பேரு எழுதுவாங்கன்னு நீதானே சொன்ன? படிச்ச கணக்கை எழுதி வெச்சிருக்கியே, அதைக் காட்டு.

நாத்தனார்: அது... லேப்ல இருக்கு.

அண்ணி: நேத்து கேட்டப்போ பையில இருக்குன்ன.

நாத்தனார்: மெதுவா... பாப்பா முழிச்சுக்கப் போறா. அந்தத் துணியை இப்படிக் குடுங்க, நான் மடிக்கிறேன்.

அண்ணி: பேச்சை மாத்தாத. உனக்கு நேரமில்லன்னு உனக்குப் பதிலா படிச்சது நான். நீ வேலை முடிஞ்சு வந்ததும் உக்கார வெச்சு கதை சொன்னது நான். போட்டியில பேரு மட்டும் உனக்கு. நாளெல்லாம் அடுத்தவங்க ரத்தத்துக்கு நம்பர் போடறவ நீ... முப்பத்தொரு புத்தகத்துக்கு நம்பர் போட வராதா?

நாத்தனார்: சரி, சொல்லிடறேன். அந்த ஏரிக்கதையோட ரெண்டு பாகத்தையும் நான் சேர்க்கல.

அண்ணி: ஏன், அதுக்கு என்ன குறைச்சல்?

நாத்தனார்: நீங்க சொன்னதுலேர்ந்து மனசே ஆறல. நானே எடுத்து பஸ்ல படிச்சேன். கதையில வர்ற தம்பி ஏரியில விழவே இல்ல அண்ணி.

அண்ணி: பாப்பா முழிச்சுக்கிட்டாளா பாரு.

நாத்தனார்: கல்லு மாதிரி இருக்கான். கல்யாணம் பண்ணிக்கிட்டு கோழிப்பண்ணை வைக்கிறான்.

அண்ணி: கோழிப்பண்ணையா?

நாத்தனார்: நீங்க சொன்ன அந்த டாக்டரம்மா புத்தகத்துலேயே இல்ல.

அண்ணி: அது... வேற பதிப்பா இருக்கும்.

நாத்தனார்: அண்ணி!

அண்ணி: பின்ன என்னடி பண்றது? பத்துப் பக்கம் தாண்டறதுக்குள்ள இவ வீல்னு கத்துவா. தூக்கி, பால் குடுத்து, தட்டித் தூங்க வெச்சுட்டு வந்தா, யாரு யாருக்கு மாமன்னே மறந்து போயிருக்கும். நீ வேற செருப்பைக்கூடக் கழட்டாம 'அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு'ன்னு... வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

நாத்தனார்: எத்தனை புத்தகம் அப்படி?

அண்ணி: முதல் மூணும் நிஜம்.

நாத்தனார்: மீதி?

அண்ணி: அட்டை நிஜம்தான்.

நாத்தனார்: கடவுளே... அந்த ஊமைத் தபால்காரர்?

அண்ணி: என் சொந்தச் சரக்கு.

நாத்தனார்: அவருக்காக நான் அழுதேன்!

அண்ணி: சொல்லும்போது நானும்தான் அழுதேன்... சிரிக்காதடி! இதையெல்லாம் நீ அங்க போய் ஒப்பிச்சிருப்ப. உங்க மேடம் அந்தப் புத்தகங்களைப் படிச்சிருந்தா? உன்னைத்தானே பித்தலாட்டக்காரின்னு சொல்லுவாங்க?

நாத்தனார்: ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அண்ணி: போனை எடு. தப்பு என்மேலன்னு நானே பேசிடறேன்.

நாத்தனார்: வேண்டாம் அண்ணி.

அண்ணி: எடுன்னா எடு!

நாத்தனார்: ஐயோ, சொன்னாக் கேளுங்க...

அண்ணி: உனக்கு வேலை போனா உங்க அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? போன் தராட்டிப் போ. நாளைக்குப் பாப்பாவைத் தூக்கிட்டு நேரா லேபுக்கே வந்து நிக்கறேன்.

நாத்தனார்: வந்து யார்கிட்ட சொல்லுவீங்க? போட்டியே கிடையாது அண்ணி! எங்க மேடம் ரிப்போர்ட்டைத் தவிர வேற எதையும் படிச்சு நான் பார்த்ததில்ல. பாப்பா பொறந்த புதுசுல நீங்க சுவரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க... சாப்பிட்டீங்களான்னு கேட்டாக்கூடப் பதில் வராது. அண்ணன் பயந்தே போயிட்டான். உங்களைப் பேச வைக்க... எனக்கு வேற சாக்கு கிடைக்கல.