எண்பதாயிரம் வோன் மூச்சு

“ஹலோ... ஆமா அத்தான், மல்சுன்தான்... என்னது, எண்பதாயிரம் வோனா? அப்ப உங்க தம்பி மூச்சுக்கு வெலை எண்பதாயிரம் வோன்! இன்னைக்குத்தான் தெரிஞ்சுது... நீங்கதானே சொல்றீங்க, இவரைக் கூட்டிட்டுப் போற வாடகைக் காருக்கு முன்பணம் கட்டியாச்சு, இவரு வராட்டி அது போச்சுன்னு...”

பூசான் ஆஸ்பத்திரியில், மூச்சு முகமூடியோடு கிடந்த கணவன் கிசோப்பின் கட்டிலோரம் நின்ற நெத்திலிக் கருவாட்டுக் கடைக்காரி மல்சுன், போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“ஆமா, ஆமா... முன்னோருக்கு வைக்கிற அறுவடைப் படையலுக்குத் தம்பி வேணும். கும்பிடக் குனிஞ்சவரு அப்படியே மயங்கிட்டா? ...விரல் கிளிப்புல தொண்ணூத்தெட்டா? அது ஆக்சிஜன் கணக்கு அத்தான். வெளிய போகாம உள்ளயே தேங்குதே கார்பன் டை ஆக்சைடு, அதைக் காட்டுறது நெஞ்சுல ஒட்டியிருக்குற பொத்தான்... நல்லாத் தூங்குறாரா? அந்தத் தூக்கந்தான் ஆபத்தே!

“...நெஞ்சுல செவந்த வட்டமா? பொத்தான் சூடா இருந்தாத்தான் தோல் வழியா அளக்கும். அதான் நர்ஸ் பொண்ணு இடம் மாத்தி மாத்தி ஒட்டுது... பின்ன, ஊசி குத்தச் சொல்றீங்களா? மணிக்கட்டுல ரத்தம் எடுத்தப்ப இவரு போட்ட சத்தம் மீன் ஏலத்தையே தோக்கடிச்சுது.

“இருங்க, நான் முடிக்கலை. நேத்து வந்தீங்க. தம்பி கிளாஸ்ல தளும்பத் தளும்ப சோஜு சாராயம் ஊத்துவீங்களே, அதே பழக்கத்துல ஆக்சிஜன் குமிழையும் முழுசாத் திருகிட்டீங்க... பாசந்தான், யாரு இல்லேன்னா? இவரு நுரையீரலுக்கு அது அளவு மிஞ்சுனா கெட்ட காத்து உள்ளயே ஏறும். நீங்க லிஃப்ட்ல எறங்குறதுக்குள்ள பொத்தான் கத்த ஆரம்பிச்சிருச்சு!”

மறுமுனையில் குரல் உயர்ந்தது. இவள் குரல் தணியவில்லை.

“மூத்தவரு... ஆமா, படையலுக்கு நீங்க மூத்தவரு. இந்தக் கட்டிலுக்கு நான்தான் மூத்தவ... நீங்களே தூக்கிட்டுப் போவீங்களா? வாங்களேன். குமிழ்ல கை வச்சீங்க, கருவாட்டோட கருவாடாக் காயப்போட்டுருவேன்!”

கிசோப் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். காலையிலிருந்து அவன் கண் திறந்தது இதுதான் முதல் தடவை. அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

“பொத்தான் காட்டுற கெட்ட காத்துக் கணக்கைக் கேட்டுக்குங்க அத்தான். நீங்க வரும்போது ஐம்பத்தஞ்சு. நீங்க போனதும் எழுபத்தொண்ணு. ஏத்துனது பதினாறு. இப்ப அறுபத்திரண்டு, எறங்குனது ஒம்பது. உங்க பேருல இன்னும் ஏழு பாக்கி. அது தீரட்டும், அப்புறம் காரை அனுப்புங்க... வைக்கிறேன்.”