எல்லா வீட்டுக்கும் முதலிடம்

அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணு இருக்காக்கா? காலேஜ் பொண்ணுங்க சங்கம் ஏதாவது ஒண்ணுல சேரணும்னு திங்கக்கிழமை பத்து சங்க வீடு ஏறி இறங்கினேன். பத்து வீட்லயும் அத்தன பொண்ணுங்களும் வாசல்ல நின்னு கைதட்டிப் பாடி, என்னக் கையப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போனாங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. என் பேருக்கு நேரா, திரும்பக் கூப்பிட்டது ரெண்டே ரெண்டு வீடு! மத்த எட்டு எங்க போச்சு? அலபாமா வெயில்ல, இந்தக் குதிகால் செருப்போட, அஞ்சு நாளு... இந்தக் கொப்புளத்தப் பாருங்க. சரி, பாக்க வேணாம்.

எழுதுறேன்க்கா, எழுதுறேன். இன்னும் பதினேழு நிமிஷம் இருக்குல்ல. எனக்கு எந்த வீடு வேணும்னு முதல் இடம், ரெண்டாம் இடம், ரெண்டு வீட்டுப் பேருதான. நீங்க எதுன்னு சொல்லக்கூடாது, தெரியும். உங்க வீடு எதுன்னுகூட இந்த வாரம் வாயத் திறக்கக்கூடாது. நல்ல விதிக்கா இது. வழி சொல்லத்தான் உங்கள போட்டிருக்காங்க, வழி மட்டும் சொல்லக்கூடாதாம்.

ஆனா ஒண்ணு சொன்னீங்கல்ல, முதல் நாளு? "ஒரே வீட்டப் பிடிச்சுத் தொங்காத டார்பி, எல்லாக் கதவையும் தொறந்தே வையி"ன்னு? அதத்தான செஞ்சேன்! போற வீட்லயெல்லாம், "யார்கிட்டயும் சொல்லாதீங்க, எனக்கு நீங்கதான் முதல்"னு காதோட சொல்லிட்டு வந்தேன். எவ்ளோ சந்தோஷப்பட்டாங்க தெரியுமா? அதுல என்னக்கா தப்பு?

முதல் மூணு வீடு போனதுக்கு நான் கவலப்படல. அதுல ஒரு வீட்ல எலுமிச்ச ஜூஸ்ல சர்க்கரையே இல்ல. புதன்கிழமைக்கு ஏழு. ஏழுலேர்ந்து ரெண்டு எப்படிக்கா ஆகும்? எங்கம்மாதான் காரணம். ஆமா, எங்கம்மாவேதான். இந்த வாரம் நெட்ல ஒண்ணும் போடாதன்னு சொல்லி வெச்சிருக்கலாம்... சொல்லல. புதன்கிழமை சாயங்காலம் ஒரு போட்டோ போட்டாங்க. பட்டர் எங்க நாயி. அதுக்கு ஒன்பதாவது பொறந்த நாளு. தலையில தொப்பி, முன்னாடி கேக்கு, மூக்கெல்லாம் கிரீமு. என் பேரையும் கூடச் சேத்துப் போட்டாங்க.

என்ன பாக்குறீங்க? நல்லதுதான... நல்லதுதான். ஆனா அன்னிக்குக் காலையில...

அக்கா, புதன்கிழமை மனசு தொறந்து பேசணும்னு எல்லாரும் சொன்னாங்கல்ல? எனக்கு மனசுல ஒண்ணுமே இல்லக்கா! பதினெட்டு வயசு, அப்பா அம்மா நல்லா இருக்காங்க, பல்லுகூட நேரா இருக்கு. எதிர்ல உக்காந்த பொண்ணு கண்ணு கலங்கி அவ கதையெல்லாம் சொல்லுது. நான் என்ன செய்வேன்? "எங்க பட்டர் போயிட்டான்"னு சொல்லிட்டேன். தானா வந்திடுச்சுக்கா. அந்தப் பொண்ணு கட்டிப்பிடிச்சு அழுதுச்சு. நானும் அழுதேன். நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வீட்லயும் சொன்னேன். மொத்தம் ஆறு வீடு. கடைசி வீட்ல லாரி மோதிடுச்சுன்னே சொல்லிட்டேன்.

மறுநாள் அஞ்சு வீடு காணோம்.

ஆறாவதுதான் மிச்சமிருக்குற ரெண்டுல ஒண்ணு, இந்த வெள்ளத்தூண் வீடு. எங்கம்மா காலேஜ் படிக்கறப்ப இருந்த வீடு. நான் சேந்துட்ட மாதிரி கார்ல அந்த வீட்டு ஸ்டிக்கரே ஒட்டிட்டாங்க. அங்க மட்டும் ஏன் தப்பிச்சேன்னா, இந்த வாரம் முழுக்க அந்த வீட்ல எல்லார் போனையும் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாங்களாம். அவங்களுக்குத் தெரியாதுக்கா! இன்னிக்கு மத்தியானம் மெழுகுவத்தி ஏத்துற சடங்குல, மெரிடித்துன்னு ஒரு பொண்ணு... "இது உன் பட்டருக்காக"ன்னு ஒரு மெழுகுவத்திய என் கையில குடுத்தா. எழுபது பேரு தல குனிஞ்சு நின்னாங்க. நான் சிரிப்ப அடக்க உதட்டக் கடிச்சேன், அதப் பாத்து இன்னும் நாலு பேரு அழுதாங்க.

சிரிக்காதீங்கக்கா. அங்க சேந்தா நாலு வருஷம் எங்க நாய ஒளிச்சு வெக்கணும்.

இன்னொண்ணு அந்தச் சின்ன செங்கல் வீடு, அங்க மட்டும் நாய் கதையே எடுக்கல. உக்காந்த உடனே நானே டம்ளரக் கவுத்து மடியெல்லாம் ஜூஸு. ரெமின்னு ஒரு பொண்ணு, துடைக்கத் துணி எடுக்கப் போயி அவளும் வழுக்கி விழுந்தா. அப்பறம் சிரிச்ச சிரிப்புல நேரமே முடிஞ்சு மணி அடிச்சிட்டாங்க. இன்னிக்குப் போனா, கதவுலயே, "கேக்கு எந்தக் கடையில வாங்கினது?"ன்னு கேக்குறா. போட்டோவப் பாத்திருக்கா. மத்த வீட்டுல நான் சொன்னதும் காதுக்கு வந்திருக்கு. எல்லாந் தெரிஞ்சும் கூப்பிட்டிருக்காங்கக்கா!

ஆனா... ஒன்பது வீட்ல சொன்னேன், நீங்கதான் முதல்னு. அங்க மட்டும் சொல்லவே இல்ல. சிரிச்சிட்டே வந்துட்டேன். இப்ப ஓடிப்போய் சொல்லலாம்னா, நாளைக்கு முடிவு வர்ற வரைக்கும் அவங்களோட ஒரு வார்த்த பேசக்கூடாது. எந்தப் பொண்ணு வேணும்னு அவங்களும் இப்பதான் பட்டியல் எழுதுவாங்க. இவளுக்கு நாம வேணாம் போலன்னு என்னக் கீழ தள்ளிட்டா? இந்த அஞ்சு நாள்ல இப்படிப் பயந்ததே இல்லக்கா.

முதல் இடத்துல போட்டுட்டேன். பாருங்க, செங்கல் வீடு.

திரையிலேர்ந்து விரல எடுங்க. ரெண்டாவது காலியா இருக்குன்னு தெரியும். அங்க அந்த வெள்ளத்தூண் வீட்டப் போட்டா நாளைக்குக் கண்டிப்பா ஒரு வீடு உண்டு. போடலேன்னா ஒண்ணுமே இல்லாம விடுதிக்கே திரும்பணும். எங்கம்மா ஸ்டிக்கரச் சொரண்டணும். எல்லாந் தெரியும். ஒரு வீட்டுக்காவது நான் எழுதுறது நெசமா இருக்கட்டும்க்கா.

ரெண்டாவதக் காலியாவே விட்டு, அனுப்புற பட்டன அமுக்கிட்டேன்.

நீங்க போங்க, அந்த மூலையில ஒரு பொண்ணு அழுதுட்டிருக்கா. நான் இங்கயே உக்காந்து முதல்ல இந்தச் செருப்பக் கழட்டுறேன்.