எழுதியவர் பெயர்

மணி இரவு ஒன்றே முக்கால். கிடங்குகளுக்கு நடுவே ஒரு நீளமான ரோடு... நாய்கூட இல்லை. அதன் கடைசியில் ஓர் ஆபீஸ். மூன்றாவது மாடியில் மட்டும் வெளிச்சம். உள்ளே என் நண்பனின் மச்சான். தனியாக.

விளக்கை அணைத்தது யார்? சரி, இருட்டிலேயே சொல்கிறேன்.

மச்சானுக்கு வேலை, கம்ப்யூட்டரின் அடிவயிறான கெர்னல் என்ற புரோகிராமில். அதில் ஒரு மெமரி லீக். நெட்வொர்க் இணைப்பு பாதியில் அறுந்தால், அதற்காக எடுத்த மெமரியை கெர்னல் திருப்பிக் கொடுக்காது. சொட்டுச் சொட்டாகப் போய், மூன்றாம் நாள் சர்வர் படுத்துவிடும். மூன்று வாரம் மண்டையை உடைத்தும் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை.

"மாஸ்டர் இருந்திருந்தா பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பாரு" என்றார்கள் எல்லோரும்.

மாஸ்டர் பக்கத்து நாற்காலிக்காரர். தனிக்கட்டை. போன மாதம் மாரடைப்பில் போனவர். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அதுபோல. மச்சானுக்கு வயிறு எரிந்தது. செத்த பிறகும் அவர் பேச்சுதானா? பெண்டாட்டிகூட ஒருநாள், "அவர் மாதிரி வருமா?" என்றுவிட்டாள். அன்று அவன் சாப்பிடவே இல்லை.

அந்த இரவு மாஸ்டரின் கம்ப்யூட்டரைக் குடைந்தான். யாருக்கும் அனுப்பாத ஒரு திருத்தம் கிடைத்தது... நாலே வரி. லீக்கை அடைக்கிற வரிகள்.

கெர்னலில் ஒவ்வொரு திருத்தத்தோடும் எழுதியவர் பெயர் போகும். காலத்துக்கும் நிற்கும். மச்சான் மாஸ்டர் பெயரை அழித்தான். அங்கே தன் பெயரைப் போட்டான். அனுப்பிவிட்டான்.

எங்கிருந்தோ, மாஸ்டர் இருமி இருமி வாயில் போட்டுக்கொள்ளும் இருமல் மிட்டாய் வாசனை... பக்கத்து நாற்காலி 'க்ரீச்' என்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் சோதனை ஓடியது. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. இனி ஊரே தன்னைச் சொல்லும் என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் பெண்டாட்டி கேட்க வேண்டும். செல்போனில் சார்ஜ் இல்லாததால் மேஜைப் போனை எடுத்தான்.

"நான்தான். வேலை முடிஞ்சிடுச்சு."

மறுமுனையில் அவள், "யாருங்க நீங்க?"

தன் பெயரைச் சொன்னான்.

"விளையாடாதீங்க. அவர் இப்பத்தான் வந்து படுத்தாரு."

அவளுக்குப் பின்னால் கட்டில் முனகியது. மாஸ்டரின் அதே இருமல். "யாரு இந்நேரத்துல?" என்று ஓர் ஆண் குரல். மச்சானின் குரலேதான்.

அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொன்னாள்.

"தெரியலைங்க... யாரோ உங்க பேரைச் சொல்றான்."