மெயிலில் வந்த காதுகுத்து

அவைக்குத் தலைமையேற்று, கைக்கடிகாரத்தை என் பக்கமே காட்டிக்கொண்டிருக்கும் ஐயா வெள்ளைத்துரை அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பட்டுடுத்திப் பாசத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே! பணி ஓய்வு பெற்று, மாலையும் கழுத்துமாய் மாட்டிக்கொண்டு விழிக்கும் விழா நாயகரே, என் தங்கை நாகஜோதியின் கணவர் அசோக்குமார் அவர்களே! உசிலம்பட்டி காசிமாயன் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இன்டர்நெட் என்றால் என்னவென்றே ஊருக்குத் தெரியாத காலம். அப்போதே இலவச மின்னஞ்சல் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு மதுரையில் மேலதிகாரி என் மாப்பிள்ளை! என்ன விற்றார்? தெரியாது. யார் வாங்கினார்? தெரியாது. சும்மா கொடுக்கிற கம்பெனிக்கு எதற்கு ஏசி அறை? அதுவும் தெரியாது! பெண்ணைக் கொடுத்துவிட்டு நாங்கள் முழித்த முழி எங்களுக்குத்தான் தெரியும்.

மகள் திவ்யாவுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? தாய்மாமன் யார்? இந்தக் காசிமாயன்! வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டுமா, வேண்டாமா? வேணும்கிறாங்க பாருங்க, அப்படிச் சொல்லு தாயி! இவர் என்ன செய்தார்? என் பெயரில் இவரே ஒரு மெயில் முகவரி திறந்து, அதற்கு இவரே அழைப்பும் அனுப்பிவிட்டு, பந்தல் போட்டுக் காத்திருந்தார்!

காதுகுத்துக்கு முதல் நாள் தங்கை போன் போட்டு, "அண்ணே, இன்னும் கெளம்பலையா?" என்றாள். "எங்க தாயி கெளம்பணும்?" என்றேன். மாப்பிள்ளைக்கு அங்கே விழுந்த அர்ச்சனை எனக்கு இங்கே கேட்டது. பொழுது சாயுமுன் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் தாம்பூலத் தட்டு, கழுத்தில் டை!

"மச்சான், மெயில் அனுப்பிச்சேனே..."

"மெயிலு வந்துச்சோ என்னமோ, நீ வரலையே மாப்ள! நல்லதோ கெட்டதோ, மனுசன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

தலையை ஆட்டினார். எங்கே ஏறப்போகிறது என்றிருந்தேன்.

ஏறியிருந்தது ஐயா, ஏறியிருந்தது! சில வருடத்தில், இன்று ஓய்வு பெறும் இந்த வேலைக்கு வருமுன்னே, அந்த மெயில் கம்பெனி படுத்துவிட்டது. "எல்லாருக்கும் வேலை போச்சுன்னு ஒரு மெயில் தட்டிவிடு" என்றது தலைமை அலுவலகம். தட்டினாரா? இல்லை! மின்னஞ்சல் கொடுத்தே பிழைத்த மனிதர், சோழவந்தானுக்குப் போனார், அலங்காநல்லூருக்குப் போனார், ஒவ்வொருவர் வீட்டு வாசலும் ஏறி, முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் வேலையும்தான் போனது. அதைச் சொல்ல அவர் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

அங்கே எழுந்து நிற்பது யார்? அந்தக் கம்பெனியில் இருந்த ஜெரால்ட் தம்பியா? சத்தமாச் சொல்லுப்பா!

"அண்ணே, எங்க வீட்டுக்கும் வந்தாரு. சொல்லிட்டு அவருதாண்ணே அழுதாரு. எங்கம்மா சாப்பிட வச்சுத்தான் அனுப்புனாங்க!"

கேட்டீர்களா தாய்மார்களே? வேலை போச்சு என்று சொல்ல வந்தவருக்குச் சோறு போட்டிருக்கிறது ஒரு வீடு! எந்த அதிகாரிக்குக் கிடைக்கும் அந்தச் சோறு? எந்த மெயிலுக்கு எவர் இலை போடுவார்? மாப்ள, இத்தனை வருசம் உன்னைக் கேலி பேசிய வாயாலேயே சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருக்கிறது.

திவ்யா கல்யாணத்துக்கு அழைக்கவும் தட்டோடு வந்துவிடு. பேசவிட்ட தலைவருக்கும் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தே சொல்கிறேன்: நன்றி, வணக்கம்!